அழித்த கோப்பு எங்கே போகிறது?

கரும்பலகையில் எழுதியதைத் துடைத்தால் எழுத்து போய்விடுகிறது, சுண்ணத்தூள்தான் மிஞ்சுகிறது. கணிப்பொறியின் காந்தத் தட்டில் உள்ள ஒரு கோப்பை அழிக்குமாறு நாம் ஆணையிடும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பில் மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்யப்படுகிறது. நிலம் அப்படியே கிடக்க, பட்டாவில் பெயரை அடித்துவிடுவதைப் போன்றது இது.

தவறுதலாக அழித்த கோப்பை மீட்டுத் தரும் நிரல்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையை நம்பியே எழுதப்பட்டவை. ஆனால் அவற்றைப் பழைய, மந்தமான கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேறோர் அனுபவம் இருக்கும். நிரல் மணிக்கணக்கில் ஓடும். அளவுகாட்டி ஒரே இடத்தில் நிற்கும். கடைசியில் கிடைக்கும் கோப்புகளில் பாதி திறக்காது. 'நிரல் சரியில்லை' என்று வேறொன்றை நிறுவுவார்கள். அப்போது மிஞ்சியிருந்ததும் போய்விடும். ஏன் இப்படி ஆகிறது என்பதை அறிய, அழித்தல் என்னும் வேலை ஏன் இப்படிப் பாதியில் விடப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சிக்கனத்தில் பிறந்த பழக்கம்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்ற கணிப்பொறியுடன் முதல் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவ்வளவு பெரிய கருவியில் சேமிக்க முடிந்தது 50 இலட்சம் எழுத்துகளே. அன்று முதல் இன்றுவரை வன்தட்டின் குணம் ஒன்று மாறவில்லை. கணிப்பொறியின் மற்ற வேலைகள் மின்சாரத்தின் வேகத்தில் நடக்கும்போது, தட்டில் எழுதுவதற்கு ஒரு கை நகர வேண்டும், ஒரு தட்டு சுழன்று வர வேண்டும். இயந்திரம் அசைந்தாக வேண்டிய வேலை எதுவும் மெதுவான வேலைதான்.

1980களின் நடுப்பகுதியில் பரவலாக இருந்த 360 கிலோபைட் ஃபிளாப்பித் தட்டை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 300 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஐந்தில் ஒரு வினாடி. ஒரு வட்டத்தில் 512 பைட்டுகள் கொண்ட 9 துண்டுகள் உண்டு. இத்துண்டுகளைச் செக்டர் என்பர். ஆக, ஒரு சுற்றில் 4608 பைட்டுகள். 100 கிலோபைட் கோப்பு ஒன்றை உண்மையாகவே துடைத்து எழுத வேண்டுமென்றால் 22 சுற்றுகளுக்கு மேல், அதாவது நாலரை வினாடி. எழுதுமுனை வட்டம் விட்டு வட்டம் நகரும் நேரம் தனி. பெயரேட்டில் ஓர் அடையாளம் மட்டும் இட்டால் சில சுற்றுகளில் முடிந்துவிடும். எந்த நிரலாளரும் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பார். பயனாளர் மீது கொண்ட கருணையால் யாரும் கோப்பை விட்டுவைக்கவில்லை. நேரத்தை மிச்சப்படுத்தவே விட்டுவைத்தார்கள்.

229 என்னும் எண்

அந்த அடையாளத்துக்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் மான்ட்ரே நகரிலுள்ள கடற்படை மேற்படிப்புக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கேரி கில்டால், 1974இல் 'சி.பி./எம்.' என்ற இயக்க முறைமையை உருவாக்கினார். அந்நாளைய 8 அங்குல ஃபிளாப்பிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எல்லா இடங்களிலும் 229 என்ற எண்ணால் நிரப்பப்பட்டு வந்தன. பதினாறடிமான முறையில் இது ஈ5. பெயரேட்டில் ஓர் இடம் 229 என்று தொடங்கினால் 'இங்கே கோப்பு இல்லை' என்று பொருள் கொள்வதாக வைத்துக்கொண்டால், புதுத் தட்டைத் தயார் செய்ய எந்த வேலையும் வேண்டியதில்லை. அப்படியே வைத்துக்கொண்டார்கள். கோப்பை அழிப்பதும் எளிதாயிற்று: குறிப்பின் முதல் பைட்டில் 229 என்று எழுதினால் போதும்.

சி.பி./எம். பெயரேட்டில் ஒவ்வொரு கோப்பின் குறிப்பும் 32 பைட்டுகள் கொண்டது. கோப்பு தட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் இருக்கிறது என்ற பட்டியல் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். 229 போய் உட்காருவதோ பெயரின் மேல் அல்ல, பயனாளர் எண் இருந்த பைட்டின் மேல். ஆகவே அழித்த உடனே அந்த ஒரு பைட்டை மீண்டும் பழைய எண்ணாக மாற்றினால், பெயரும் பட்டியலும் குறையின்றிக் கோப்பு திரும்பி வந்துவிடும். முதல் தலைமுறை முறையே மீட்புக்கு மிக எளிதாக இருந்தது என்பது வியப்பான செய்தி.

அடுத்து வந்த முறையில்தான் சிக்கல் ஏற்பட்டது. 1977இல் மைக்ரோசாஃப்ட்டின் மார்க் மெக்டொனால்டு 'கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை' என்னும் அமைப்பை வகுத்தார். 1980இல் சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் எழுதிய இயக்க முறைமை அதை எடுத்துக்கொண்டது. அதுவே பின்னர் ஐ.பி.எம். பி.சி.யின் டாஸ் ஆயிற்று. இம்முறையில் பெயரேட்டில் கோப்பின் பெயர், அளவு, முதல் தொகுதியின் எண் ஆகியவை மட்டுமே இருக்கும். இரண்டாம் தொகுதி எது, மூன்றாம் தொகுதி எது என்பதைத் தனியாக உள்ள அட்டவணையில் சங்கிலி பிடித்துக் காண வேண்டும். அழிக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கும். கோப்புப் பெயரின் முதல் எழுத்தின் மேலேயே 229 எழுதப்படும். சங்கிலியின் கண்ணிகள் யாவும் பூச்சியமாக்கப்படும். அளவும் முதல் தொகுதி எண்ணும் தப்பிவிடும்.

இடையில் ஒரு வேடிக்கை. ஜப்பானிய எழுத்துகளை இரண்டு பைட்டுகளாக எழுதும் முறையில் 229 என்பது பல எழுத்துகளின் முதல் பைட்டு. அத்தகைய எழுத்தில் தொடங்கும் பெயரைச் சூட்டினால் கோப்பு பிறக்கும்போதே இறந்ததாகக் கணக்காகிவிடும்! அதற்காக, அப்படிப்பட்ட பெயர்களில் 229க்குப் பதிலாக 5 என்று எழுதி வைப்பது என்று விதி செய்தார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிரப்பிய எண் எங்கெல்லாம் போய்த் தொல்லை கொடுத்தது பாருங்கள்.

நார்ட்டன் செய்த வேலை

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வெளிவந்தது. அதை வாங்கியவர்களுள் ஒருவர் பீட்டர் நார்ட்டன். விமானத் தொழில்துறையில் நிரலாளராக இருந்து, அங்கு ஆட்குறைப்பு நடந்தபோது வேலை இழந்தவர். தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்ட அவர், அதை மறுபடி தட்டச்சு செய்ய மனமின்றி, தட்டையே நேரடியாகப் படித்து மீட்கும் நிரலை எழுதினார். 1982இல் 'நார்ட்டன் யுடிலிட்டீஸ்' என்ற தொகுப்பில் அது விற்பனைக்கு வந்தது. 1990இல் அவர் தம் நிறுவனத்தைச் சைமான்டெக்குக்கு விற்றார். அவர் பெயர் இன்று நச்சுநிரல் தடுப்பு நிரலின் பெயராகவே பலருக்குத் தெரியும். அவருடைய புகழுக்கு அடிப்படை இந்த மீட்பு நிரல்தான்.

அந்நிரல் நம்மிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: அழிந்த கோப்பின் பெயரில் முதல் எழுத்து என்ன? 229க்கு அடியில் புதைந்த எழுத்தைக் கணிப்பொறியால் கண்டுபிடிக்க முடியாது. மனிதன்தான் சொல்ல வேண்டும். அடுத்து, முதல் தொகுதியிலிருந்து தொடங்கி, கோப்பின் அளவுக்கு எத்தனை தொகுதிகள் வேண்டுமோ அத்தனையையும் வரிசையாக எடுத்துக்கொள்ளும். கோப்பு ஒரே தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் இது முழு வெற்றி. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், கண்ணிகள் போய்விட்ட சங்கிலியை ஊகித்துக் கோக்க வேண்டியதுதான். மீட்ட கோப்பின் முன்பாதி சரியாகவும் பின்பாதி வேறு ஏதோவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

1991இல் டாஸ் 5 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட்டே 'அன்டிலீட்' என்ற ஆணையைச் சேர்த்தது. அதுவும் சென்ட்ரல் பாயின்ட் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. 1984இன் மெக்கின்டாஷில் குப்பைத்தொட்டியும், 1995இன் விண்டோஸில் மறுசுழற்சித் தொட்டியும் வந்தன. இவை அழிப்பதைத் தள்ளிப்போடும் ஏற்பாடுகளே. 1993இல் விண்டோஸ் என்.டி.யுடன் வந்த புதிய கோப்பு முறையில், அழித்த பின்னும் தொகுதிகளின் பட்டியல் குறிப்பிலேயே தங்கியிருந்தது. கில்டாலின் முறைக்கு இருந்த வசதி இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது எனலாம்.

அழிந்தது என்று நம்பியவர்கள்

விட்டுவைக்கப்பட்ட எழுத்து வேண்டியவருக்கு மட்டுமா கிடைக்கும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர், 2000 முதல் 2002 வரை 158 பழைய வன்தட்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். 2003இல் முடிவு வெளியாயிற்று. படிக்க முடிந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே! மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் இருந்தன. ஒரு தட்டு வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. ஓராண்டுக் கணக்குவழக்கு அதில் இருந்தது. விற்றவர்கள் பலர் கோப்புகளை அழித்துவிட்டதாக நம்பியே விற்றிருக்கிறார்கள். பழைய கணிப்பொறியைக் கடையில் போட்டுப் புதியது வாங்கும் நம்மவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் இல்லாமல் தேடுதல்

2000க்குப் பின் எண்முறைக் கேமராக்கள் பரவின. அவற்றின் நினைவு அட்டை கெட்டால் பெயரேடே போய்விடும். அப்போது எதை வைத்துத் தேடுவது? கோப்பின் உடலையே வைத்துத் தேடலாம் என்பது விடை. ஜேபெக் படம் எதுவாயினும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும்; 255, 217 என்று முடியும். சுருக்கிய 'ஜிப்' கோப்பு, அம்முறையை வகுத்த ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகளான 'பி', 'கே' என்பவற்றில் தொடங்கும். தட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை படித்துக்கொண்டே போய், இந்த முகப்புகள் எங்கே வருகின்றன என்று பார்ப்பதே முறை. அமெரிக்க விமானப்படையின் புலனாய்வாளர்கள் 2001இல் எழுதிய 'ஃபோர்மோஸ்ட்', பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோரெக்' ஆகியவை இவ்வகை. பின்னது விலையின்றிக் கிடைப்பது.

மூன்று பைட்டுகளை மட்டும் நம்பலாமா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். தற்செயலாக அந்த மூன்றும் அமையும் வாய்ப்பு 1,67,77,216இல் ஒன்று. 500 ஜிகாபைட் தட்டில் சுமார் 97.6 கோடி செக்டர்கள். தட்டு முழுதும் தாறுமாறான எண்களால் நிறைந்திருந்தால், சுமார் 58 இடங்களில் இல்லாத படம் இருப்பதாகத் தோன்றும். ஆகவே நல்ல நிரல்கள் அதற்கடுத்த பைட்டுகளையும் சரிபார்க்கின்றன. அதற்கும் நேரம் ஆகிறது.

2005இல் நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் கோல்டன் ரிச்சர்டும் வாசில் ரூசேவும் எழுதிய 'ஸ்கால்பெல்' இந்த வேகக் குறையை நேராக எதிர்கொண்டது. சாதாரணக் கணிப்பொறியிலும் ஓட வேண்டும் என்பதே அவர்கள் குறிக்கோள். தட்டை இரண்டே தடவை படிக்கும் திட்டம் அது. முதல் தடவை பெரிய பெரிய துண்டுகளாகப் படித்து, தொடக்கங்களும் முடிவுகளும் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளும். இரண்டாம் தடவையில், குறித்த பகுதிகளை மட்டும் எடுத்துக் கோப்புகளாக எழுதும்.

மந்தத்தின் காரணம் எங்கே?

இனி நம் மேசைக்கு வருவோம். நல்ல வன்தட்டு ஒன்று தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்கு 100 மெகாபைட் தரும் என்று கொள்வோம். 500 ஜிகாபைட்டைப் படிக்க 5000 வினாடி, ஏறக்குறைய 83 நிமிடம். அதே தட்டைப் பெட்டியில் வைத்துப் பழைய கணிப்பொறியின் முதல் தலைமுறை யு.எஸ்.பி. துளையில் செருகினால் வினாடிக்குச் சுமார் 1 மெகாபைட்தான் வரும். அப்போது ஆவது 5 இலட்சம் வினாடி. ஐந்தே முக்கால் நாளுக்கும் சற்று அதிகம்! இங்கே நிரலும் சரி, தட்டும் சரி, குழாய்தான் சிறியது. துளையை மாற்றினால் தீரும்.

இன்னொரு காரணம் எழுதுமுனையின் அலைச்சல். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக 9 மில்லிவினாடி, அங்கே வேண்டிய செக்டர் சுழன்று வரச் சராசரியாக அரைச் சுற்று. மொத்தம் 13 மில்லிவினாடி. தாவித் தாவி 4 கிலோபைட் வீதம் படித்தால் வினாடிக்கு 75 தாவல்கள், 300 கிலோபைட். தொடர்ச்சியாகப் படிப்பதில் முந்நூறில் ஒரு பங்குதான் இது. மீட்பு நிரல் ஓடும்போதே நச்சுநிரல் தடுப்பும் அதே தட்டைத் துழாவினால் எழுதுமுனை இருவருக்கும் மாறி மாறி ஓட வேண்டும். இரண்டும் மந்தமாகும்.

இவை பொறுமையைத்தான் சோதிக்கும். மூன்றாவது காரணம் கோப்பையே தின்றுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் முதுநிலை மாணவி ஒருவர், மூன்று மாதம் எடுத்த அளவீடுகள் இருந்த உறையை அழித்துவிட்டு வந்து நின்றார். 512 மெகாபைட் நினைவகமுள்ள பழைய கணிப்பொறி. நண்பர் ஒருவர் இணையத்திலிருந்து ஒரு மீட்பு நிரலை இறக்கி, அதே தட்டில் நிறுவி, இரவு முழுதும் ஓடவிட்டிருந்தார். தட்டின் விளக்கு அணையவே இல்லை. காலையில் பட்டியல் வந்தது; பெயர்களும் அளவுகளும் அத்தனையும் சரி. திறந்து பார்த்தால் சிலவற்றில் அளவீடுகள் இருந்தன, சிலவற்றில் ஏதோ இணையப் பக்கத்தின் துணுக்குகள் இருந்தன.

நடந்தது இதுதான். நினைவகம் போதாத கணிப்பொறி, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளைத் தட்டில் எழுதி வைத்துப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும். மீட்பு நிரல் காணும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வதால் அதன் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், நினைவகம் நிறையும், எழுதி வைக்கும் கோப்பு வளரும். வளர இடம் எங்கே? 'காலி' என்று குறிக்கப்பட்ட தொகுதிகளில்தான். மாணவியின் அளவீடுகள் இருந்ததும் அத்தகைய தொகுதிகளில்தான். இறக்கிய நிரல், அது இருந்த இணையப் பக்கத்தின் படங்கள், மீட்டு எழுதிய கோப்புகள் எல்லாமே அங்கேயே இறங்கின. குறிப்புகள் வேறோர் இடத்தில் இருப்பதால் பெயர்கள் தப்பின, உடல் போயிற்று. கணிப்பொறியை நிறுத்தி, தட்டைக் கழற்றி, வேறொரு கணிப்பொறியில் இரண்டாவது தட்டாக இணைத்து, வேறு தட்டில் எழுதும்படி மறுபடி தேடினோம். பாதிக்குச் சற்று அதிகம் கிடைத்தது. மற்ற அளவீடுகளை அவர் மறுபடி எடுக்க நேர்ந்தது. ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. முதல் நாளே நிறுத்தியிருந்தால் ஏறக்குறைய எல்லாமே கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நான்காவது காரணம் தட்டின் நோய். ஒரு செக்டர் படிக்கவில்லையென்றால் தட்டு உடனே கைவிடாது. சுற்றுக்கு ஒரு முறை என மறுபடி மறுபடி முயலும். இயக்க முறைமையும் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். ஒரு கெட்ட செக்டருக்கு 5 வினாடி என்று கொண்டால், பத்தாயிரம் கெட்ட செக்டர்களுக்குப் பதினான்கு மணி நேரம். அளவுகாட்டி ஒரே இடத்தில் நிற்பதும், 'டக், டக்' என்று ஒலி கேட்பதும் இதன் அறிகுறிகள். ஒலி கேட்டால் மின்சாரத்தை நிறுத்துவது நல்லது. ஒவ்வொரு முயற்சியும் எழுதுமுனையையும் தட்டின் பூச்சையும் மேலும் கெடுக்கலாம். ஒலி இல்லாமல் திணறும் தட்டுகளுக்கு, அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004இல் வெளியிட்ட 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச நிரல் உதவுகிறது. கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாவிச் சென்று, எளிதில் கிடைப்பதை எல்லாம் முதலில் வேறு தட்டுக்குப் படியெடுத்துவிடும். கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டது என்று குறித்துக்கொள்வதால், நடுவே மின்சாரம் போனாலும் தொடரலாம். தேடுதலை அந்தப் படியில் நடத்தினால் நோயாளியைத் தொட வேண்டியதில்லை.

சிக்கனமே எதிரியான கதை

இதுவரை சொன்னவை சுழலும் தட்டுக்குப் பொருந்தும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுத் தட்டுகளில் கதை தலைகீழ். அங்கே அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் அப்படியே எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும். துடைப்பதும் பக்கம் பக்கமாக முடியாது; பல பக்கங்கள் சேர்ந்த பெரிய கட்டமாகத்தான் முடியும். எழுதுவதைவிட இது மெதுவான வேலை. எழுத வரும்போது துடைக்கத் தொடங்கினால் பயனாளர் காத்திருக்க வேண்டும். ஆகவே ஓய்வு நேரத்திலேயே துடைத்து வைத்துவிடுவது சிக்கனம். எந்தெந்த இடங்கள் இனி வேண்டாதவை என்று இயக்க முறைமை தட்டுக்கு அறிவிக்கும் ஆணையே 'டிரிம்'. 2009இல் வந்த விண்டோஸ் 7 இதைத் தானாகவே அனுப்பத் தொடங்கியது. எந்த நேர மிச்சத்துக்காக 1974இல் அழித்த கோப்பு விட்டுவைக்கப்பட்டதோ, அதே நேர மிச்சத்துக்காக இப்போது அது உடனுக்குடன் துடைக்கப்படுகிறது.

2010இல் ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்டு பாடிங்டன் ஆகியோர், விரைவாக வடிவமைக்கப்பட்ட ஓர் எஸ்.எஸ்.டி., கணிப்பொறி எதுவும் எழுதாதபோதும் சில நிமிடங்களிலேயே தன் பழைய உள்ளடக்கத்தைத் தானே துடைத்துக்கொள்வதைக் காட்டினார்கள். எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் வைத்தும் பயனில்லை; துடைக்கும் வேலை தட்டுக்குள்ளேயே நடக்கிறது. அத்தகைய தட்டில் 'டிரிம்' நடந்து முடிந்துவிட்டால், மீட்பு நிரல் மிக வேகமாக ஓடிப் பூச்சியங்களையே கொண்டுவந்து கொடுக்கும். நிரலை மாற்றிப் பார்ப்பதில் பொருளில்லை. வேறு இடத்தில் படி எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

பென் டிரைவுகளிலும் கேமரா அட்டைகளிலும் 'டிரிம்' பெரும்பாலும் நடப்பதில்லை. 32 ஜிகாபைட் வரையுள்ள அட்டைகள் இன்றும் பழைய ஒதுக்கீட்டு அட்டவணை முறையின் வழித்தோன்றலையே பயன்படுத்துகின்றன. அப்படிப்பட்ட அட்டை ஒன்றில் ஒரு படத்தை அழித்துவிட்டு, செக்டர்களை நேரடியாகக் காட்டும் நிரல் ஒன்றில் அதன் பெயரேட்டைத் திறந்து பாருங்கள். பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 இருக்கும்.